குப்பன், பிச்சை, பாவாடை: சிரிப்பை வரவழைக்கும் பழைய பெயர்களின் வரலாறு

தமிழ்நாட்டில் 3 தலைமுறைகளுக்கு முன்பு மிகச் சாதாரணமாக வழங்கிய பல பெயர்கள் இன்று கேலிக்குரியவையாகவோ இழிவானவையாகவோ கருதப்படுகின்றன. குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிடன், மண்ணாங்கட்டி, அமாவாசை, பாவாடை, மூக்கன், நாறும்பூநாதன், போதும்பொண்ணு ஆகியவை இவ்வகைப் பெயர்களுள் சில. இவற்றை ஒரே கூடையில் போட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில, குழந்தையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் பிறந்தவை. சில, பக்தியில் பிறந்தவை. சில, சொல்லின் பொருள் மாறியதால் பிற்காலத்தில் கெட்டுப்போனவை. வேறு சில, உண்மையிலேயே ஒருவரைத் தாழ்த்துவதற்காக இடப்பட்டவை. ஒரு பெயர் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய, அதை யார் இட்டார்கள், எதற்காக இட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பெரியபாளையத்தை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்திலும் பிற தமிழ்ப் பகுதிகளிலும் வழங்கிய பெயர்களைக் கொண்டு இதனை விளக்குகிறது இக்கட்டுரை.

குடும்பப் பெயர் இல்லாத மக்கள்

வடஇந்தியாவிலும் மேலைநாடுகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் உண்டு. தமிழரிடம் பெரும்பாலும் அந்த வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு, அடுத்து நம் பெயரை எழுதுகிறோம். அடுத்த தலைமுறையில் அந்தத் தலைப்பெழுத்து மாறிவிடும். ஆகவே தாத்தாவின் பெயர் இரண்டு தலைமுறைகளில் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுவதே நம் இயல்பு.

இந்த நிலையை மாற்றியவை கடவுச்சீட்டும் கணினிப் படிவங்களும்தான். கடவுச்சீட்டில் இயற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உள்ளன. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேர்வோர் நிரப்பும் படிவங்களிலும் அதே இரண்டு கட்டங்களைக் காணலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருபவர் தம் குடும்பப் பெயரைத் தயங்காமல் எழுதிவிடுகிறார். நம் ஊர்ப் பிள்ளை, வேறு வழியின்றி அப்பாவின் பெயரை எழுதுகிறான். இவ்வாறு, ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்திருந்த குப்பனும் பிச்சையும் முழுப் பெயர்களாக அடையாள அட்டையில் ஏறிவிட்டார்கள்.

இவ்வகையில் உலகப் புகழ் பெற்ற ஒரு பெயரும் உண்டு. 2015 முதல் கூகுள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக இருக்கும் சுந்தர் பிச்சையின் பெயரில் குடும்பப் பெயர்போல் நிற்பது அவருடைய தந்தையின் பெயரிலுள்ள 'பிச்சை'தான். உலகம் முழுவதும் மதிப்போடு உச்சரிக்கும் அந்தச் சொல்லைத் தமிழ்நாட்டு வகுப்பறையில் வருகைப் பதிவின்போது வாசித்தால், பின்வரிசையில் சிரிப்பு எழும். எனவே குறை பெயரில் இல்லை, கேட்கும் காதில்தான் இருக்கிறது.

எமனை ஏமாற்றும் பெயர்கள்

குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சைமுத்து, தவிடன், மண்ணாங்கட்டி போன்ற பெயர்களுக்கு அடிப்படை குழந்தை இறப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 200 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தன. ஒரே தாய் தொடர்ந்து 3, 4 குழந்தைகளைப் பறிகொடுப்பது அரிதான செய்தியன்று. அம்மை, பேதி, பேற்றுக் காலத் தொற்று ஆகியவற்றுக்கு மருந்தில்லாத அந்தக் காலத்தில், தாயின் கையில் இருந்த ஒரே கருவி பெயர்தான்.

அழகான, விலைமதிப்பற்ற பொருளின்மீதுதான் கண்ணேறு விழும், எமனின் பார்வையும் அதன்மேல்தான் படும் என்பது மக்கள் நம்பிக்கை. ஆகவே அடுத்து ஒரு குழந்தை பிறந்ததும், அது யாருக்கும் வேண்டாத பொருள் என்று காட்ட ஒரு சடங்கு செய்தார்கள். குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள் அல்லது குப்பையில் புரட்டி எடுப்பார்கள். உறவுப் பெண்ணோ அண்டை வீட்டுப் பெண்ணோ அதைக் 'கண்டெடுப்பார்'. தாய் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அந்தக் குழந்தையை 'வாங்கி'க்கொள்வாள். 'தவிட்டுக்கு வாங்கின பிள்ளை' என்ற பேச்சுவழக்கு இன்றும் வீடுகளில் விளையாட்டாக உலவுகிறது. குப்பையில் எடுத்தது குப்பன் ஆயிற்று. தவிட்டுக்கு வாங்கியது தவிடன் ஆயிற்று. கோயில் வாசலில் மடியேந்திப் பெற்றதாக வேண்டிக்கொண்டது பிச்சை ஆயிற்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் போன்றோர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய வழக்கங்களைப் பதிவு செய்துள்ளனர்.

ஆண் குழந்தைக்குப் பெண் குழந்தையைப்போல் மூக்குக் குத்திவிடுவது இதே நோக்கத்தில் செய்யப்பட்ட மற்றொரு தந்திரம். உடலில் ஒரு குறையை உண்டாக்கிவிட்டால் எமன் விட்டுவிடுவான் என்பது எண்ணம். மூக்கன், மூக்கையா, மூக்கம்மாள், மூக்காயி என்பவை இவ்வாறு வந்தவை. பார்வர்ட் பிளாக் தலைவராகவும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய பி. கே. மூக்கையாத் தேவரின் பெயரும் இந்தச் சொல்லடியைச் சேர்ந்ததே.

இவ்வழக்கம் ஒரு சமயத்துக்கோ சாதிக்கோ மட்டும் உரியதன்று. சமஸ்கிருதப் பேரறிஞர் எஸ். குப்புசுவாமி சாஸ்திரியின் (1880–1943) பெயரில் குப்பு இருக்கிறது. அவர் பெயரில் மயிலாப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனமும் உள்ளது. வேங்கட மகாலிங்கம் என்ற இயற்பெயர் கொண்டவர் ந. பிச்சமூர்த்தி (1900–1976) என்ற பெயரால் தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடியாக நிலைபெற்றார். இசுலாமியரிடையே பிச்சை இபுறாகீம் புலவர் என்ற தமிழ்ப் புலவர் இருந்தார். பக்கீர் முகமது என்ற பெயரிலும் இரந்துண்ணும் துறவியின் நினைவே உள்ளது. பிச்சைமுத்து என்ற பெயரைக் கிறித்தவர்களும் தாங்குகின்றனர்.

தெய்வங்கள் தந்த பெயர்கள்

பிச்சை என்ற பெயருக்கு இன்னொரு வேரும் உண்டு. சிவபெருமான் கையில் ஓடேந்தி இரந்து வரும் கோலத்தைப் பிட்சாடனர் என்பர். பிச்சாண்டி, பிச்சாண்டவர் என்பன அந்தக் கோலத்தின் தமிழ்ப் பெயர்கள். ஆகவே பிச்சாண்டி என்று மகனுக்குப் பெயரிட்டவர், அவனைப் பிச்சைக்காரன் என்று அழைக்கவில்லை, இறைவன் பெயரையே இட்டார்.

இன்று மிகுந்த சிரிப்புக்கு உள்ளாகும் ஆண்பெயர் பாவாடை. இச்சொல்லுக்குப் பெண்கள் உடுத்தும் ஆடை என்பது மட்டும் பொருளன்று. பெரியோர் நடந்து வரத் தரையில் விரிக்கும் துணியும் பாவாடைதான். தெய்வத்தின் முன் துணி விரித்து அதன்மேல் சோற்றைக் குவித்துப் படைக்கும் படையலுக்கும் அதே பெயர் வழங்குகிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாட்டில் பாவாடைராயன் காவல் தெய்வம். அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட வட தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பாவாடை, பாவாடைசாமி, பாவாடைராயன் என்ற பெயர்கள் ஒரு வீரனின் பெயராகவே இடப்பட்டன.

பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைச் சுற்றிய பகுதியிலும் வேண்டுதலோடு பிணைந்த பெயர்கள் உண்டு. ஆரணி ஆற்றங்கரையில் உள்ள இக்கோயிலில் ஆடி மாதம் தொடங்கிப் பல வாரங்கள் கூட்டம் நிரம்பி வழியும். மொட்டை அடித்து, வேப்பிலையால் உடலை மறைத்து வலம் வரும் வேப்பஞ்சேலைப் பிரார்த்தனை இங்கே புகழ்பெற்றது. நோயிலிருந்து, குறிப்பாக அம்மையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்று என்று அம்மனிடம் முறையிடும் மரபின் அடையாளம் வேப்பிலை. பவானி, பவானியம்மாள், வேம்பு, வேம்பம்மாள் என்ற பெயர்களை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். சென்னைப் பகுதியில் வழங்கும் வேம்புலி என்ற ஆண்பெயரும் வேம்புலியம்மன் என்ற அம்மன் பெயரிலிருந்து வந்ததே. 2021இல் வெளியான 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தில் ஒரு குத்துச்சண்டை வீரனின் பெயராக வந்ததும் பல இளைஞர்கள் இப்பெயரை முதன்முறையாகக் கேட்டனர்.

பொருள் மாறிய சொற்கள்

சில பெயர்கள் தாம் மாறாமல் இருக்க, அவற்றைச் சுற்றியிருந்த மொழி மாறிவிட்டது. உயர்ந்த பொருளில் வழங்கிய ஒரு சொல் காலப்போக்கில் தாழ்ந்த பொருள் பெறுவதை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். இதற்கு மாணவர் நன்கு அறிந்த எடுத்துக்காட்டு நாற்றம். பழந்தமிழில் அது நறுமணத்தைக் குறித்தது. நாறும் பூ என்றால் மணக்கும் மலர். திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூர் இறைவனின் பெயர் நாறும்பூநாதர். அவ்வட்டாரத்தில் நாறும்பூநாதன் என்று பலருக்குப் பெயர் உண்டு. மணமலர்க் கடவுள் என்ற அழகிய பெயர், நாறுதல் என்ற சொல் கெட்டுப்போனதால் இன்று விளக்கம் கேட்டு நிற்கிறது. மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மனின் பெயரும் அப்படியே. முண்டகம் என்றால் தாமரை. அது தெரியாதவர் காதில் முண்டம் என்று விழுகிறது.

இதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் நியமித்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்ப் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அப்பெண்களின் பெயர்களுக்கு முன்னே 'நக்கன்' என்ற அடைமொழி வருகிறது. இன்றைய காதுக்கு நக்கலாகத் தோன்றும் இச்சொல், ஆடையற்ற கோலத்தில் நின்ற சிவனைக் குறிப்பது. முதலாம் இராசேந்திரனின் அணுக்கியாக இருந்து, திருவாரூர்க் கோயிலோடு பெயர் இணைந்த பரவை நங்கையும் நக்கன் பரவை என்றே குறிக்கப்பட்டார். தமிழில் குடும்பப் பெயரை ஒத்து வழங்கிய பழைய சொற்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

சங்கப் புலவர் பெயர்களிலும் இத்தகையவை உண்டு. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரின் பெயரைக் கேட்டதும் மாணவர்கள் ஆந்தைப் பறவையை நினைத்துக்கொள்வர். ஆதன் என்பவனின் தந்தை என்பதே ஆந்தை எனச் சுருங்கும் என்று தொல்காப்பியம் இதற்குப் புணர்ச்சி விதி கூறுகிறது. பூதனின் தந்தை பூந்தை ஆவான். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஐயூர் முடவனார் ஆகிய பெயர்கள் உடற்குறையைச் சுட்டினும், இறுதியில் 'ஆர்' என்ற மதிப்பு விகுதியைப் பெற்றுள்ளன. குறையைச் சொன்னவர்கள் மரியாதையைக் குறைக்கவில்லை.

மொழி எல்லையில் நிகழும் குழப்பம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லை ஆந்திரம். இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. தமிழரைப்போல் அல்லாமல் தெலுங்கருக்கு 'இண்டி பேரு' எனப்படும் வீட்டுப்பெயர் உண்டு. குர்ரம் என்றால் குதிரை, நக்கா என்றால் நரி, பில்லி என்றால் பூனை, கட்டம் என்றால் தாடி, மீசால என்றால் மீசை. இவை ஒவ்வொன்றும் தெலுங்கில் மதிப்பான வீட்டுப்பெயர். தமிழ்ப் பிள்ளையின் காதிலோ நக்கா வேறு பொருளில் விழுகிறது, பில்லி என்றால் சூனியம் நினைவுக்கு வருகிறது. ஒரு மொழியின் பெயரை இன்னொரு மொழியின் அகராதியில் தேடுவதால் வரும் சிரிப்பு இது.

தாழ்த்துவதற்கு இட்ட பெயர்கள்

இதுவரை கண்ட பெயர்களில் இட்டவரின் உள்ளத்தில் அன்போ பக்தியோ இருந்தது. ஆனால் எல்லாப் பெயர்களுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும், சூத்திரன் பெயர் இகழ்ச்சியைக் குறிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. நடைமுறையிலும் பெயர் ஏற்றத்தாழ்வின் அளவுகோலாக இருந்தது. ஒரே தெய்வத்தின் பெயரை இட்டாலும் மேல்தெருவில் இருப்பவர் முனுசாமி, சேரியில் இருப்பவர் முனியன். அங்கே குப்புசாமி, இங்கே குப்பன். வயதில் மூத்தவரையும் 'அடே குப்பா' என்று சிறுவர் அழைப்பது ஊர் வழக்கமாக இருந்தது. எனவே குப்பன் என்ற பெயரை அதன் தாய் அச்சத்தோடு இட்டிருந்தாலும், ஊர் அதை இளக்காரத்தோடு அழைத்தது என்பதையும் மறக்கலாகாது.

இதற்கு எதிர்வினையும் இப்பகுதிக்கு அருகிலேயே தொடங்கியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல்தான் அது தனி மாவட்டம் ஆயிற்று. அம்மாநாட்டின் வழிவந்த உணர்வும் தனித்தமிழ் இயக்கமும் சேர்ந்து பெயர் சூட்டலையே மாற்றின. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அன்பரசன், தமிழ்ச்செல்வி, கண்ணகி, இளங்கோ என்று பெயர் இட்டபோது, அதற்கு முந்தைய பெயர்கள் எல்லாம் 'பழைய பெயர்' ஆகிவிட்டன.

'வேண்டாம்' என்ற பெயர்

பெண்குழந்தைக்கு இடப்பட்ட வேண்டாம், போதும்பொண்ணு, போதுமணி போன்ற பெயர்களைத் தனியாகக் கருத வேண்டும். குப்பம்மாள் என்பது குழந்தை பிழைக்க வேண்டும் என்பதற்காக இட்ட பெயர். வேண்டாம் என்பது அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்பதற்காக இட்ட பெயர். முதலாவதில் குழந்தையை வேண்டாததுபோல் நடிக்கிறார்கள். இரண்டாவதில் நடிப்பு இல்லை.

திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி அருகே நாராயணபுரம் என்ற ஊரில், தொடர்ந்து பெண் பிறந்த வீடுகளில் வேண்டாம் என்று பெயரிடும் வழக்கம் இருந்தது செய்திகளில் வெளிவந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய கல்லூரி மாணவி ஒருவரையே, பெண்குழந்தைகளைப் பாதுகாக்கும் அரசுத் திட்டத்தின் தூதராக 2019இல் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மராட்டியத்தில் இதே பொருளில் 'நகுசா' என்ற பெயர் உண்டு. 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் நடந்த அரசு விழாவில் 285 சிறுமியர் அப்பெயரைக் களைந்து புதுப்பெயர் பெற்றனர். பழமை என்பதற்காக எல்லாப் பெயரையும் போற்ற வேண்டியதில்லை என்பதற்கு இந்தப் பெயர் போதிய சான்று.

உலகெங்கும் உள்ள வழக்கம்

குப்பன், பிச்சை ஆகியவற்றின் உறவினர் உலகெங்கும் உள்ளனர். தெலங்கானாவில் குப்பைமேட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெண்டய்யா, பெண்டம்மா என்ற பெயர்கள் வந்தன. சீன நாட்டுப்புறத்தில் 'நாய் தின்று மிஞ்சியது' என்ற பொருளில் கௌஷெங் என்று ஆண் குழந்தையை அழைப்பர். மங்கோலியாவில் 'பெயரில்லை', 'இது அல்ல' என்ற பொருளுடைய பெயர்கள் உண்டு. சப்பானை ஆண்ட தொயோதொமி இதெயோசி, தன் முதல் மகனைச் 'சுதே' என்று அழைத்தார். எறிந்துவிட்டது என்பது அதன் பொருள். அக்குழந்தை இறந்துவிட்டது. 1593இல் பிறந்த அடுத்த மகனுக்கு இட்ட செல்லப் பெயர் 'இரோய்'. கண்டெடுத்தது என்பது அதன் பொருள். அரண்மனையில் நடந்ததும் நம்மூர்க் குப்பைமேட்டில் நடந்ததும் ஒரே சடங்கு.

பொருள் மாறிய பெயருக்கு ஆங்கிலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. ஆரி பாட்டர் கதையில் வரும் லாங்பாட்டம் என்ற குடும்பப் பெயருக்கு ஆங்கிலச் சிறுவர் சிரிப்பார்கள். அப்பெயரில் உள்ள 'பாட்டம்' என்பது பள்ளத்தாக்கைக் குறித்த பழஞ்சொல். நீண்ட பள்ளத்தாக்கில் குடியிருந்தவர் என்பதே பொருள்.

ஏன் மறைந்தன?

பெயர்கள் மறைந்ததற்குத் திரைப்படமும் நாகரிகமும் காரணம் என்று பொதுவாகச் சொல்வர். அதில் ஓரளவு உண்மை உண்டு. '16 வயதினிலே' (1977) படத்துக்குப் பிறகு சப்பாணி என்ற பெயரும், 'அமைதிப்படை' (1994) படத்துக்குப் பிறகு அமாவாசை என்ற பெயரும் பாத்திரப் பெயர்களாகவே மக்கள் மனத்தில் பதிந்தன. அந்தப் படத்தில் அமாவாசை பதவிக்கு வந்ததும் தன் பெயரை நாகராஜ சோழன் என்று மாற்றிக்கொள்கிறான். பெயரில் இருந்த ஏற்றத்தாழ்வை இயக்குநர் மணிவண்ணன் ஒரு நகைச்சுவைக்குள் வைத்துவிட்டார்.

ஆயினும் குப்பனும் பிச்சையும் குறைந்ததற்கு அடிப்படைக் காரணம் வேறு. 1975இல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி பதிவானார். 1980இல் உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் மருத்துவமனைப் பிரசவமும் ஊர்தோறும் வந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 1000 பிறப்புக்குக் குழந்தை இறப்பு 13. இருநூறிலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கிய அந்தக் கணக்கில்தான் குப்பனின் மறைவு எழுதப்பட்டிருக்கிறது. எமனை ஏமாற்ற வேண்டிய தேவை குறைந்தபோது, அதற்கான பெயரும் தேவையற்றுப் போயிற்று.

மாணவர் செய்யத்தக்கது

பெயரை மாற்ற விரும்புவோர் தமிழ்நாடு அரசிதழில் முறைப்படி அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். அது அவரவர் உரிமை. வேண்டாம் என்ற பெயரைச் சுமக்கும் பெண் அதை மாற்ற விரும்பினால் நாம் துணை நிற்க வேண்டும். மாற்றாமல் அதே பெயரோடு உயர்ந்து காட்டினால் பாராட்ட வேண்டும்.

தாத்தா, பாட்டி பெயர் கேலிக்குரியது என்று கருதி அதைச் சொல்லத் தயங்கும் மாணவர்கள் பலரை என் ஆசிரியப் பணிக் காலத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கூற விரும்புவது இதுதான். வீட்டில் உள்ள மூத்தோரிடம், அந்தப் பெயர் ஏன் இடப்பட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். குப்பம்மாள் என்ற பாட்டிக்கு முன் எத்தனை குழந்தைகள் பிறந்து இறந்தன, எந்தக் கோயிலில் யார் வேண்டிக்கொண்டார்கள், தவிடு கொடுத்து வாங்கியவர் யார் என்பன எந்தப் பதிவேட்டிலும் இருக்கமாட்டா. அந்தக் குழந்தைகளுக்குக் கல்லறையோ சான்றிதழோ கிடையாது. அவர்கள் வாழ்ந்ததற்கு எஞ்சியிருக்கும் ஒரே தடயம், பிழைத்துக்கொண்ட தம்பிக்கோ தங்கைக்கோ இட்ட அந்தப் பெயர்தான்.